தாகத்துக்குப் பழகியவர்கள்

நையே நையே என்ற வறண்ட புதர்நிலத்தில் அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. வேலிக் கம்பியை அறுத்துக்கொண்டு வெளியாட்கள் பெரிய மாட்டு மந்தையை உள்ளே ஓட்டி வந்துவிட்டார்கள். உசே தண்ணீர் எடுக்கப் போனபோது, ஊருக்கு இருந்த ஒரே அடிபம்பை அடித்துத் தங்கள் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அவள் கிழங்கு தோண்டும் இடமெல்லாம் குளம்பு மிதித்துப் புழுதியாகக் கிடந்தது.

"இது எங்க மண்ணு. மாட்டை ஓட்டிட்டுப் போங்க," என்றாள்.

குதிரைமேல் இருந்த மந்தைக்காரன் சிரித்தான். "உங்களுக்கு மாடா, கன்னா? இவ்வளவு நிலத்தை வச்சு என்ன கிழிக்கப்போறீங்க? போய் மரத்தடியில கிட."

பொழுது சாய்ந்து அவர்கள் அடுப்பு மூட்டப் போனார்கள். உசே ஸ்பானரோடு போய் பம்பின் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

கணவன் டெபே தலையில் கைவைத்துக்கொண்டான். "அடியே, நாமளும் அதைத்தானே குடிக்கணும்!"

"நமக்குத் தாகம் புதுசா? அவன் மாட்டுக்குத்தான் புதுசு. எது முதல்ல கத்துதுன்னு பாப்போம்."

"உன் மகதான் முதல்ல கத்துவா. உன் வாய்தானே அவளுக்கும்."

ஊரே சிரித்தது. ஆனால் முதலில் தோண்டுகோலை எடுத்துக்கொண்டு கிளம்பியவனும் டெபேதான்.

மிதிபடாத பக்கமாகத் தேடி நடந்தார்கள். ஆழத்தில் கிடந்த நீர்க்கிழங்கைத் தோண்டி, சீவி, சக்கையைக் கைக்குள் பிழிந்து, கட்டைவிரல் வழியே பிள்ளைகளின் வாயில் சொட்டவிட்டார்கள். கசப்பு. மறுநாள் மகளின் உதடு வெடித்திருந்தது. கைப்பிடியை மாட்டிவிடலாம் என்று உசே எழுந்தேவிட்டாள்.

"உக்காருடி," என்றான் டெபே. "இத்தனை கசப்பைக் குடிச்சதை வீணாக்காதே."

தொட்டி வற்றிவிட்டதால் மாடுகளின் கதறல் ஓயவே இல்லை. அதற்கடுத்த காலை மந்தைக்காரன் நடந்தே வந்தான்.

"கைப்பிடியைக் குடு. இல்லேன்னா குடிசை குடிசையா தேடுவேன்."

"தேடேன். எங்க புதைச்சிருக்குன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். எவன் வாயில இருந்து வருதுன்னு பாரு."

அவன் சுற்றிலும் பார்த்தான். யாரும் கண்ணைத் தாழ்த்தவில்லை. அவன் உதடும் வெடித்திருந்தது. உசே ஒரு பிடி சக்கையை எடுத்தாள்.

"வாயைத் திற. நீ குடிக்கலாம். உன் மாட்டுக்குக் கிடையாது."

குடித்தான், முகம் கோணிப்போயிற்று. உச்சிவெயிலுக்குள் மந்தை வந்த வழியே திரும்பியது.

அறுந்த கம்பியை உசே முறுக்கிக் கட்டும்போது அவன் அந்தப் பக்கம் நின்று சொன்னான்: "மறுபடி வருவோம்."

"வா. தனியா வந்தா டீ போட்டுத் தர்றேன். மாட்டோட வந்தா கிழங்குதான்."