பத்தாவது கண்ணி

எல்லையில் இருக்கும் கொண்டோர் மலையில் சண்டை நின்று மூன்று வாரம் ஆகியிருந்தது. நின்றுவிட்டதாக ரேடியோ சொன்னது. நான்கு நாட்டுப் பெரியவர்கள் எங்கோ நல்ல நாற்காலிகளில் உட்கார்ந்து பேசி, ஈக்வடாரையும் பெருவையும் கையெழுத்துப் போட வைத்திருந்தார்கள். காட்டுக்குள் இருந்தவர்களின் கண்ணில்தான் அந்தக் கையெழுத்து படவில்லை.

நாந்திப்புக்குப் பயம். ஈக்வடார் படைக்கு வழிகாட்டும் ஷுவார் பழங்குடி ஆள் அவன். பயம் என்று வாய்விட்டுச் சொன்னால் மானம் போய்விடும். பிப்ரவரி அடைமழையில், ஓடையோரப் பாதையில், பத்துக் கண்ணிவெடிகளைத் தன் கையாலேயே புதைத்திருந்தான். அவனுடைய தங்கை இபியாக் எல்லைக்கு அந்தப் பக்கம், பெருவில், ஷுவாருக்கு உறவுக் குடியான வாம்பிஸ் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் தாய்வீட்டுக்கு வந்துபோகும் பாதை அது. மேலிடத்துக்கு அதெல்லாம் எதற்கு? புதை என்றார்கள், புதைத்தான். சமாதானம் என்று காதில் விழுந்தால் முதல் ஆளாகக் கிளம்புகிறவள் அவள். அவன் இன்னும் முகம் பார்க்காத குழந்தையையும் தூக்கிக்கொண்டு கிளம்புவாள்.

இரு படைகளும் பின்வாங்கியதைச் சரிபார்க்க வந்த அந்த நான்கு நாட்டு அதிகாரிகள், பெருவின் காவல்முகாம் வரை கூட்டிப்போக ஆள் கேட்டார்கள். நாந்திப் முந்திக்கொண்டு கை தூக்கினான். போகிற போக்கில் பத்தையும் காட்டிக் கொடுத்துவிட்டால் எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தான்.

விடிந்ததும் மூன்று பேர் நடந்தார்கள். முன்னால் நாந்திப், பின்னால் பிரேசில் மேஜர் நொகேய்ரா, கடைசியில் வெள்ளைக்கொடி பிடித்த சிலி நாட்டு கேப்டன். நாந்திப் வைத்த அடியில்தான் மற்ற இருவரும் அடி வைத்தார்கள். ஒவ்வோர் இடத்திலும் நின்று, பக்கத்து மரத்தில் வெள்ளைத் துணி கட்டினான். ஒன்பது துணி கட்டியாயிற்று. பத்தாவதைச் சாய்ந்த பனையின் காலடியில் வைத்த ஞாபகம். போய்ப் பார்த்தால் பனையே இல்லை. மழை கரையை அரித்துக்கொண்டு போயிருந்தது.

மண்ணோடு போன கண்ணி எங்கே போய் உட்கார்ந்ததோ, யாருக்குத் தெரியும்?

"என்னப்பா நின்னுட்ட?" என்றார் மேஜர்.

"பத்தாவதக் காணோம் சார்."

"காணோம்னா?"

"வெள்ளம் இழுத்துட்டுப் போயிருக்கு. இந்த ஓடை நெடுக எங்க வேணாலும் கெடக்கலாம்."

மேஜர் தன் காலைத் தானே பார்த்துக்கொண்டார். கேப்டன் தூக்கிய காலைக் கீழே வைக்காமல் கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கரைய விட்டுட்டு மேட்டு மேல கூட்டிட்டுப் போ" என்றார் மேஜர்.

மேட்டில் ஏறி, புதர் வெட்டி, ஒரு மணி நேரம் நடந்தார்கள். தூரத்தில் புகை தெரிந்தது. மேஜர் உதட்டில் விரல் வைத்தார். சத்தம் போடக் கூடாது, கொடி மட்டும் தெரிய வேண்டும் என்பது அவருக்கு வந்த உத்தரவு.

நாந்திப்புக்கு அது சரியாகப் படவில்லை. ஷுவார், வாம்பிஸ் மக்களிடையே அடுத்தவர் வீட்டை நெருங்குகிறவன் தொலைவிலேயே குரல் கொடுக்க வேண்டும். குரல் கொடுக்காமல் வருகிறவன் கொல்ல வருகிறவன். அந்த முகாமில் வாம்பிஸ் ஆட்களும் காவல் நிற்கிறார்கள். சத்தமில்லாமல் போனால் அவர்கள் சுடுவார்கள். குரல் கொடுத்தாலோ, கடற்கரை ஊர்களிலிருந்து வந்த பெரு சிப்பாய்கள் சுடுவார்கள். சண்டையில் ஷுவார் படை பாயும்முன் போட்ட கூச்சல் இன்னும் அவர்கள் காதில் இருக்கும். நாலு நாடு சேர்ந்து போட்ட உத்தரவில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

இலைகளுக்கு நடுவே துப்பாக்கிக் குழல் ஒன்று மெல்லத் திரும்பியது.

அந்த முகாமின் வழிகாட்டி யார் என்பது முந்தின நாள் ரேடியோ பேச்சில் தெரிந்திருந்தது. இபியாக்கின் புருஷன் பெட்சா.

நாந்திப் வாயைத் திறந்தான்.

"மாப்ளே! பெட்சா! தங்கச்சியக் கட்டிட்டுப் போனே, சரி. என் வேட்டை நாயையும் சேத்து ஓட்டிட்டுப் போனியே, வெக்கங்கெட்டவனே! திருப்பிக் குடுடா!"

மேஜர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். எங்கோ துப்பாக்கியில் குண்டேற்றும் சத்தம் கேட்டது. நாந்திப் கண்ணை மூடிக்கொண்டான்.

"அது கெழட்டு நாய் மச்சான்! சோறு போட்டே நான் ஓட்டாண்டி ஆயிட்டேன்!" காட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. அடுத்த மூச்சில் அதே குரல் அலறியது. "ஒரு அடி வைக்காத! முன்னால கம்பி!"

முழங்காலுக்குக் கீழே, இரண்டு செடிகளுக்கு நடுவில், நூல் போலக் கம்பி. அதை நேற்றுக் கட்டியது பெட்சாதான். புதரை வளைத்துச் சுற்றி வந்தவன், மூவரையும் அதே வழியாகக் கூட்டிக்கொண்டு போனான்.

அதிகாரிகள் மரப்பெட்டி மேல் தாள்களை விரித்துக் கையெழுத்திட்டார்கள். மச்சானும் மாப்பிள்ளையும் தள்ளி உட்கார்ந்தார்கள். பெட்சாதான் பேச்செடுத்தான்.

"அவளுக்குத் தலகால் புரியல மச்சான். மரவள்ளிக் கள்ளு ஊற வச்சாச்சு. நாளன்னைக்குப் பொண்ணத் தூக்கிட்டு ஓடை வழியா வர்றாளாம். பொண்ணு ஒன்ன உரிச்சு வச்சிருக்கு, பாவம்."

நாந்திப் எழுந்து மேஜரிடம் ஓடினான். "சார், அந்தக் கண்ணிய எப்ப எடுப்பாங்க?"

"அது எங்க வேலை இல்லப்பா. அதுக்குத் தனிக் குழு வரணும். தலைநகரத்துல பேசிட்டிருக்காங்க."

"எத்தன நாள் ஆகும்?"

மேஜர் நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. "வருஷக்கணக்கு ஆகலாம்."

திரும்பி வந்தான். "மாப்ளே, ஓடையில நான் பொதச்ச கண்ணி ஒண்ணக் காணோம். அவள வர வேண்டாம்னு சொல்லு."

"நான் சொன்னா கேக்குற ஆளா அவ? சண்டையப்பவே வர்றேன்னு நின்னவ. கண்ணி கெடக்குன்னா, பாத்து நடக்குறேன்னு கெளம்பிருவா. மேட்டுலயும் எங்காளுங்க கம்பி கட்டி வச்சிருக்காங்க."

அது உண்மை என்று நாந்திப்புக்குத் தெரியும். அவளை நிறுத்த ஒரே ஒரு சொல்தான் உண்டு. அவர்கள் பக்கம் கூடப்பிறந்தவர்களிடம் யாரும் சொல்லாத சொல். சொல்லிவிட்டால் அது பகை. பிள்ளைகள் காலம்வரை நிற்கும்.

"என் வீட்டு வாசல மிதிக்காதேன்னு அண்ணன் சொன்னான்னு சொல்லு."

பெட்சா விறைத்துப்போனான். "மச்சான், விளையாடாத."

"அவ கள்ளு தந்தாலும் அண்ணன் தொட மாட்டான், பிள்ளைய அண்ணன் பாக்க மாட்டான்னு சொல்லு."

"செத்தாலும் ஒன் மூஞ்சில முழிக்க மாட்டா அவ."

"முழிக்க வேண்டாம்" என்றான் நாந்திப். "ரெண்டு காலோட இருக்கட்டும்."

மரப்பெட்டியருகே அதிகாரிகள் கைகுலுக்கிக்கொண்டார்கள். அசம்பாவிதம் எதுவும் இல்லை என்று மேஜர் எழுதி முடித்துப் பேனாவை மூடினார்.