சலூன்காரர் கிட்டார் கற்ற கதை

சலூன்காரர் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது அவருக்கு நாற்பத்தாறு வயது. அந்த வயதில் ஆண்பிள்ளைகளுக்குக் கிறுக்குப் பிடிப்பது ஒன்றும் புதிதில்லை. ஒருத்தர் மீன்தொட்டி வாங்குவார், ஒருத்தர் விடியற்காலையில் எழுந்து ஓடுவார், மூன்றாவது மாதம் தொட்டியும் காலணியும் மூலைக்குப் போய்விடும். இவரையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடலாம்தான். ஆனால் இவரிடம் ஒரு காரணம் இருந்தது. அதை வாயைத் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"முடி கொட்டுற வயசுல முடி வெட்டுறவருக்கு கிட்டார்" என்றாள் மனைவி. "யார்கிட்ட ஏமாந்தீங்க?"

"சும்மா ஒரு பொழுதுபோக்குக்கு" என்றார்.

அவள்தான் காரணம். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் விசாரணை மேஜையில் உட்கார்ந்து போன் எடுப்பது அவள் வேலை. போன வருஷம் அவள் கழுத்தில் ஒரு கட்டியை எடுத்தார்கள். கட்டி பயப்படும்படியானது இல்லை, ஆபரேஷனும் நல்லபடியாகவே முடிந்தது. குரல் மட்டும் இறங்கிப்போனது. போனில் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் அவளை "சார்" என்றார்கள். முதல் இரண்டு வாரம் "சார் இல்லைங்க, மேடம்" என்று திருத்திப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். "எந்த மாடி, எந்த டாக்டர்னு சொல்றதுக்கு சாரா இருந்தா என்ன, மேடமா இருந்தா என்ன" என்று வீட்டில் சிரித்தாள். அவரும் கூடச் சிரித்துவைத்தார்.

சிரிப்பில் அடங்காத விஷயம் வேறு. கல்யாணமான நாளிலிருந்து அவள் பாடிக்கொண்டிருந்தவள். மேடையில் இல்லை, துணி மடிக்கும்போது, அடுப்பைத் துடைக்கும்போது, குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது. இருபத்தோரு வருஷத்தில் சலூன்காரர் ஒரு தடவைகூட நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. மின்விசிறி ஓடுவது மாதிரி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, நின்ற பிறகுதான் காதில் விழுந்தது. "பாடலாம், ஆனா பழைய உயரத்துக்குப் போகாது" என்று டாக்டர் சொன்னதில் அவள் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டாள். ஒருநாள் போனில் இசையை மட்டும் ஓடவிட்டு, கூடவே பாடிப் பார்த்தாள். மூன்றாவது வரியில் மேலே ஏறும்போது குரல் கிழிந்தது. போனை அணைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அன்றோடு சரி. வீட்டில் குழாய்ச் சத்தமும் பாத்திரச் சத்தமும் மட்டுமே மிச்சம். சலூன்காரருக்கு அது தாங்கவில்லை.

சலூனுக்கு மேல்மாடியில் ஒரு பெண் கிட்டார் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வயதிருக்கும். முடியை ஒட்ட வெட்டிக்கொள்கிறவள் என்பதால் மாதம் ஒருமுறை இவர் நாற்காலியில்தான் உட்காருவாள். அவளிடம் விஷயத்தைச் சொன்னார். போனிலேயே சுருதியை இறக்கலாம் என்று அவள் ஒரு வழி காட்டினாள். இறக்கிக் கேட்டால், வாசித்தவர்கள் எல்லோரும் போர்வைக்குள் புகுந்துகொண்ட மாதிரி இருந்தது. மனைவி ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "யாரோ செத்த வீடு மாதிரி இருக்கு, நிறுத்துங்க" என்றாள். மறுநாளே சலூன்காரர் மாடியேறினார்.

"ஒரே ஒரு பாட்டு போதும் டீச்சர்" என்றார். "அவ துணி மடிக்கும்போது பாடுவாளே, அது."

"ஒரு பாட்டுக்கும் நூறு பாட்டுக்கும் விரல் ஒண்ணுதாண்ணே. அதுக்கு முதல்ல வேலை கத்துக்கொடுக்கணும்."

விரல்களுக்கான வேலை எளிதாகத்தான் தெரிந்தது. தடித்த மூன்று கம்பிகள் கட்டைவிரலுக்கு. மெல்லிய மூன்றும் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றுக்கும் ஆளுக்கு ஒன்று. கட்டைவிரல் ஒரே சீராக நடந்துகொண்டிருக்க, மற்ற விரல்கள் நடுநடுவே கம்பியை மீட்டிவிட்டு வரவேண்டும். கட்டைவிரல் முதல் நாளே டீச்சரை அசத்திவிட்டது. கத்திரி பிடிக்கிற கையில் அசைவது கட்டைவிரல் ஒன்றுதான், மற்றவை பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும். முடியில் படாமல் காற்றிலும் கத்திரி டிக் டிக்கென்று ஓடும், அது தொழில் பழக்கம். அப்படி இருபத்தைந்து வருஷம் நடந்த கட்டைவிரலுக்கு இந்த நடை பெரிதா என்ன? சும்மா இருந்து பழகிய மற்ற மூன்றும்தான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. மோதிரவிரலை அசைக்கச் சொன்னால் சுண்டுவிரல் அசைந்தது.

சொன்னபடி கேட்கவைக்க அவர் வேலை நேரத்திலும் முயன்றார். ஒருநாள் ஒரு வங்கிக்காரருக்குப் பின்கழுத்தில் முடி திருத்திக்கொண்டிருந்தபோது மனதுக்குள் பாட்டு ஓட, கத்திரிக்குள் மோதிரவிரல் தன் முறை வந்ததென்று துள்ளிவிட்டது. காதுக்குப் பின்னால் ஒரு விரல் அகலத்துக்குப் பள்ளம். "இப்ப இதுதான் ஸ்டைல்" என்று சொல்லிச் சமாளித்து, பள்ளத்துக்கு ஏற்றபடி தலை முழுவதையும் குறைத்து அனுப்பினார். அந்த வங்கிக்காரர் திரும்ப வர இரண்டு மாதம் ஆனது.

இப்படிச் சமாளிக்கத் தெரிந்ததுதான் சனியனாக வந்து சேர்ந்தது. முடிவெட்டில் ஒரு பக்கம் கூடிப்போனால் திரும்ப வந்து மறுபக்கத்தைச் சமன் செய்யலாம். சமன் செய்யாமல் ஒருத்தரை நாற்காலியிலிருந்து எழுப்புவது அவரால் ஆகாத காரியம். அதே புத்தியோடு கிட்டாரில் உட்கார்ந்தார். ஒரு கம்பி தவறிவிட்டால் கை அங்கேயே நிற்கும், முதலிலிருந்து ஆரம்பிக்கும். இரண்டாவது வரியில் தவறும், மறுபடியும் முதலிலிருந்து. நான்கு மாதம் ஆகியும் அந்தப் பாட்டின் கடைசி வரியை அவர் கண்ணால் பார்க்கவில்லை. முதல் வரி மட்டும் கல்லில் வெட்டியதுபோல் சுத்தமாக இருந்தது.

டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணே, முடின்னா திரும்பி வந்து சரிபண்ணலாம். பாட்டுல ஆளு எழுந்து போயாச்சு. காலி நாற்காலியில யாருக்கு வெட்டுறீங்க?"

"தப்பா இருக்கே டீச்சர், அப்படியே எப்படி விடறது?"

"விட்டுட்டுப் போங்க. உங்க வீட்டம்மா பாடும்போது நீங்க நின்னீங்கன்னா அவங்களும் நிக்கணும். ஒவ்வொரு தடவையும் நிப்பாங்களா?"

அது உறைத்தது. அதற்குப் பிறகு டீச்சரே பாட ஆரம்பித்தாள். இவர் தவறினாலும் அவள் நிற்கமாட்டாள், திரும்பியும் பார்க்கமாட்டாள். விட்ட பஸ்ஸைத் துரத்துகிற மாதிரி இவர் பின்னாலேயே ஓடிப் பிடிக்கவேண்டும். முதல் வாரம் நெற்றியெல்லாம் வியர்த்துப்போனது. ஆறாவது வாரம், நடுவில் மூன்று கம்பிகளைத் தவறவிட்டபடியே பாட்டின் கடைசி வரிக்குப் போய்ச் சேர்ந்தார். சேர்ந்ததை அவராலேயே நம்பமுடியவில்லை. இன்னொரு தடவை வாசித்துப் பார்த்துக்கொண்டார்.

மிச்சம் இருந்தது சுருதி. எவ்வளவு இறக்குவது? அவளிடம் கேட்டால் காரணம் வெளியே வந்துவிடும். வந்துவிட்டால் "எனக்காக யாரும் பரிதாபப்பட வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் கதவைச் சாத்திவிடுவாள். டீச்சர்தான் யோசனை சொன்னாள். ஆஸ்பத்திரி விசாரணை எண்ணுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்கள்.

"வணக்கம், விசாரணை, சொல்லுங்க."

டீச்சர் தடித்த கம்பி ஒன்றை மெல்லத் தட்டினாள். அடுத்ததைத் தட்டினாள்.

"சொல்லுங்க சார். ஹலோ, கேக்குதா?"

சலூன்காரர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அவள் இன்னும் இரண்டு தடவை ஹலோ சொல்லிவிட்டு வைத்தாள். பேச்சுக் குரலை வைத்துப் பாட்டுக் குரலைக் குத்துமதிப்பாகத்தான் சொல்லமுடியும் என்று டீச்சர் சொல்லி, ஆறு கம்பிகளையும் இரண்டு கட்டை இறக்கிக் கொடுத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். சலூனில் துவைத்த துண்டுகளே முப்பது இருக்கும். சலூன்காரர் நாற்காலியைக் கதவோரம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். என்ன வாசிக்கப்போகிறேன் என்று சொல்லவில்லை. பாட்டு தொடங்குவதற்கு முன்னால் வரும் நடையை வாசிக்க ஆரம்பித்தார். ஒரு சுற்று போனது. மூன்று சுற்று போனது. அவள் தலை நிமிரவில்லை. கை மட்டும் கொஞ்சம் மெதுவானது. ஏழாவது சுற்றும் போனது. இத்தனை மாதமும் வீணா என்று பயம் வந்துவிட்டது.

"அன்னிக்கு போன்ல டொங் டொங்குன்னது நீங்கதானே?" என்றாள் அவள், துண்டைப் பார்த்தபடியே.

அவர் வாசித்துக்கொண்டே இருந்தார். பேசிக்கொண்டே வாசிக்கும் அளவுக்கு அவருக்கு இன்னும் வரவில்லை.

"பொழுதுபோக்காம், பொழுதுபோக்கு" என்றாள். அடுத்த சுற்று முடிந்த இடத்தில் பாட ஆரம்பித்தாள்.

முதல் வரி பேச்சாகவே வந்தது. இரண்டாவதில் பாட்டானது. பழைய குரல் இல்லை. கனமாக, ஓரம் கொஞ்சம் சொரசொரப்பாக, வேறு யாரோ ஒரு பெண் அந்த வீட்டுக்குள் வந்து பாடுவது மாதிரி இருந்தது. சலூன்காரருக்குக் கண் கலங்கி இடது கை தெரியவில்லை, நல்லவேளை அந்தக் கை மாற்றி மாற்றிப் பிடிக்கவேண்டிய கார்டுகள் மூன்றுதான். மூன்றாவது வரி மேலே ஏறுகிற வரி. அவள் மூச்சை இழுத்து ஏறினாள். குரல் நடுவில் கிழிந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

சலூன்காரரின் கை தானாகவே முதல் கம்பிக்குத் திரும்பப் பார்த்தது. முதலிலிருந்து போகலாம், சரிசெய்துவிடலாம் என்று உடம்பே சொன்னது. நின்றால் அவள் எழுந்து போய்விடுவாள் என்று அவருக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு மேலே வாசித்தார். மூன்றாவது வரி குரலில்லாமல் கடந்து போனது. அதில் அவருக்கும் ஒரு கம்பி தவறியது. அவள் மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். நான்காவது வரி வந்தது. கிழிந்த இடத்தை எட்டிப் பார்க்காமல் அவள் நான்காவதிலேயே வந்து சேர்ந்துகொண்டாள். கடைசி வரை இருவரும் தப்பும் தவறுமாகப் போய் முடித்தார்கள்.

நன்றாக இருக்கிறது என்று சொல்ல அவர் வாயெடுத்தார். இருபத்தோரு வருஷப் பாக்கி அது, அவ்வளவு சீக்கிரம் வெளியே வருமா?

"நல்லா இருந்துச்சு" என்றார் கடைசியில். "எப்பவுமே நல்லாதான் இருக்கும். நான்தான் சொன்னதில்ல."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த மேல் வரி எனக்கு எட்டலங்க" என்றாள். "இன்னும் ஒரு கட்டை இறக்குங்க."

எப்போதும் டீச்சர்தான் சுருதி சேர்த்துக் கொடுப்பாள். அவர் தனியாகச் செய்ததே இல்லை. ஒரு கம்பியை இறக்கினால் இன்னொன்று ஏறி நின்றது, அதைச் சரிபார்ப்பதற்குள் முதலாவது நழுவியது. ஆறு கம்பிகளையும் ஒருவழியாகச் சேர்த்து முடிக்க அரைமணி நேரத்துக்கு மேல் ஆனது. துண்டெல்லாம் எப்போதோ மடித்தாகிவிட்டது. அவள் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை.