முகமூடிக்கு முன் ஒரு ஷேவிங்

நைட் ஷிப்ட் முடிந்து வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. பாத்ரூமில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். மணி ஏழரை. பத்து மணிக்கு மறுபடியும் தொழிற்சாலையில் நிற்க வேண்டும், மழமழவென்று மழித்த முகத்தோடு.

அந்தப் பெயின்ட் தொழிற்சாலையில் ஆறு வருஷமாக ராத்திரி லோடு ஏற்றுகிறான். பகல் வேலை காலியாக இருந்தது பவுடர் செக்‌ஷனில் மட்டும்தான். வண்ணத்தூள் பறக்கிற இடம். எட்டு மணி நேரமும் மூக்கையும் வாயையும் மூடி ரப்பர் முகமூடி போட வேண்டும். அது தோலோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் உள்ளே விடுவார்கள். போன மாதச் சோதனைக்கு இரண்டு வாரத் தாடியோடு போய்த் தோற்றான். சோம்பேறித்தனம் இல்லை. பிளேடு பட்டால் அவன் கழுத்து முழுக்கக் கொப்புளம் கிளம்பும். இன்னும் ஒரே ஒரு தடவை, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

மனைவிக்குத் தையல் கம்பெனியில் பகல் வேலை. அவன் வந்து படுக்கும் நேரத்துக்கு அவள் கிளம்புவாள். அவள் வந்து சேரும் நேரத்துக்கு அவன் கிளம்புவான். ஆறு வருஷக் குடும்பத்தில் முக்கால்வாசி வாசற்படியில் நடந்தது.

சோப்பு மச்சினன் கொடுத்தது. வட்டமான தகர டப்பா, கூடவே ஒரு பிரஷ், ஒரு கிண்ணம்.

"அந்த ஷேவிங் க்ரீம் ட்யூபைத் தூக்கிப் போடுங்க மாமா," என்றிருந்தான் மச்சினன். "பிரஷ்ஷை வெந்நீர்ல ஊற வைங்க. சோப்பு மேல முப்பது சுத்து. அவசரப்பட்டீங்கன்னா நுரை கோவிச்சுக்கும்."

"உங்க அக்காவை விடவா?"

"இருங்க, அக்காகிட்ட சொல்றேன்."

முதல் தடவை தண்ணீர் அதிகமாகி, நுரை முழங்கை வரை வழிந்தது. கழுவிவிட்டு மறுபடி ஆரம்பித்தான். பதினெட்டாவது சுற்றுக்குப் பிறகு எண்ணிக்கை எப்படியோ பதினொன்றுக்குத் திரும்பிவிட்டது. பரவாயில்லை என்று சுற்றிக்கொண்டே இருந்தான். இந்த முறை நுரை கெட்டியாக எழும்பியது. புதினா வாசனை. கன்னம், தாடை, கழுத்து எல்லாம் தடவினான். முகம் ஜில்லென்று ஆனது. ஒரு நிமிஷம் கண்ணை மூடினான்.

கதவு தடதடத்தது.

"ஏங்க, உள்ள உயிரோட இருக்கீங்களா?"

"ம்."

"அரை மணி நேரமா சத்தத்தையே காணோம்."

எழுந்து திறந்தான். நுரை காய்ந்து தோலைப் பிடித்து இழுத்தது. சாப்பாட்டு டப்பாவோடு நின்றவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"சுவத்துக்கு அடிக்க வேண்டிய வெள்ளைய மூஞ்சிக்கு அடிச்சிருக்கீங்க."

"தூங்கிட்டேன்."

"அதான் தெரியுதே. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. மறுபடி உக்காராதீங்க, நின்னுக்கிட்டே பண்ணுங்க." இரண்டடி போய்த் திரும்பினாள். "முடிஞ்சதும் போன் பண்ணுங்க. என்ன ஆனாலும் சரி."

நின்றுகொண்டே பண்ணினான். பிளேடு தடங்கலே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. கழுத்தைத் தடவிப் பார்த்தான். ரத்தம் இல்லை, எரிச்சல் இல்லை, ஒரு கொப்புளம்கூட இல்லை. இத்தனை வருஷம் எவன் சொன்னான் என்று அந்த ட்யூபைப் பிடித்துத் தொங்கினோம் என்று தோன்றியது.

சோதனை செய்கிற பாதுகாப்பு அதிகாரிக்குத் தொழிலாளிகள் வைத்த பெயர் வேப்பெண்ணெய். முகமூடியை மாட்டிவிட்டு, தலைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கூண்டைக் கவிழ்த்து, அதற்குள் கசப்பு மருந்தைப் பீய்ச்சுவார். முகமூடி சரியாக உட்கார்ந்திருந்தால் நாக்குக்கு ஒன்றும் தெரியாது.

"தலையை ஆட்டு. குனி. நிமிரு. கசக்குதா?"

கசந்தது.

"புது சோப்பு போட்டேன் சார். அந்த ருசியா இருக்கும்."

வாய் கொப்பளித்துவிட்டு வரச் சொன்னார். வந்தான். மறுபடியும் கசந்தது.

வேப்பெண்ணெய் அவன் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். "ஷேவிங் பிரமாதம். முடி இல்ல பிரச்சினை." கன்ன எலும்புக்குக் கீழே விரலை வைத்தார். விரல் உள்ளே இறங்கியது. "இந்தப் பள்ளத்துல ரப்பர் ஒட்டவே இல்ல. தாடில மறைஞ்சிருந்திருக்கு."

"எப்ப சார் இப்படி ஆச்சு?"

"என்னைக் கேட்டா? வருஷக்கணக்கா நைட் பாத்தா எவனுக்கும் ஆகும். எனக்கும் ஆச்சு. நான் முகமூடி போட வேண்டியதில்ல, தாடி வச்சுக்கிட்டேன்."

"இதைவிடச் சின்ன சைஸ்?"

"இதுதான் சின்னது." வாரை இன்னும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டார். "கடைசி தடவை. உன் நாக்கு, நீதான் சொல்லணும். இல்லன்னு சொன்னா இல்லன்னு எழுதிட்டுப் போறேன். எனக்கும் வேற வேலை இருக்கு."

பீய்ச்சினார். தொண்டை வரை இறங்கியது கசப்பு. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் திங்கட்கிழமையிலிருந்து பகல் வேலை. சாயங்காலம் வீடு. பவுடர் செக்‌ஷன் ஆட்கள் ஷிப்ட் முடிந்து குழாயடியில் துப்புவதை ஆறு வருஷமாகப் பார்த்திருக்கிறான். ஒரு நாள் நீலம், ஒரு நாள் பச்சை. பொய் சொல்லிவிடலாம். சொன்ன பொய்யைத் தினமும் எட்டு மணி நேரம் மூச்சாக இழுக்க வேண்டும். அதற்கும் ஒரு தெம்பு வேண்டும்.

"கசக்குது சார்."

வெளியே வந்து போன் போட்டான். எடுத்ததும் தையல் மெஷின்களின் இரைச்சல்.

"சொல்லுங்க."

"ஆகல."

"ஷேவிங் சரியா வரலையா?"

"அது நல்லாத்தான் வந்துச்சு. கன்னம் ஒட்டிப் போச்சாம். முகமூடி நிக்க மாட்டேங்குது."

அந்தப் பக்கம் ஒரு மெஷின் மட்டும் நின்றது.

"கூடவே இருக்கேன், எனக்குத் தெரியலையே."

"எனக்கே தெரியல. நீ என்னை எப்ப பாத்தே?"

"இங்க நைட் பேட்ச் ஒண்ணு ஆரம்பிக்கிறாங்க. நான் வேணா கேட்டுப் பாக்கவா?" என்றாள்.

"வேணாம். ஒருத்தர் போதும்."

"சரி, போய்த் தூங்குங்க."

அவள் போனை வைப்பதற்கு முன்பே மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. ராத்திரி எட்டு மணிக்கு லோடு. இப்போதே பஸ் கிடைத்தால் ஏழு மணி நேரம் தூங்கலாம். கேட்டைத் தாண்டி நிறுத்தத்துக்கு நடந்தான்.