எனிட்டைத் தேடிப் போன பாதை

ஹேரக் மேட்டுப் பாதை முதன்முதலாக இடம் மாறியது ஒரு மார்ச் மாதச் செவ்வாய்க்கிழமை. எனிட் அவுத்வெயிட்டைத் தேடி அது நானூறு கஜம் மேற்கே போயிருந்தது. முப்பத்தோரு ஆண்டுகள், சனிக்கிழமைதோறும், சம்பளமில்லாமல் அந்தப் பாதையைப் பராமரித்தவள் எனிட். சேற்றில் கல் பதித்தவள். மூடுபனியில் யாரும் தொலைந்துவிடாதபடி கம்பங்களில் மஞ்சள் அம்புக்குறி அடித்தவள். எழுபத்தெட்டு வயதில் அவளுக்கே வழி மறக்கத் தொடங்கியது. அன்று வீட்டுச் செருப்போடு ஹெதர் புதர்களுக்குள் அலைந்தவளின் காலடிக்குப் பாதை வந்து, அவளை வீட்டுக் கதவுவரை கொண்டுபோய் விட்டது.

சனிக்கிழமை பாதையைச் சீர்செய்ய வந்த தொண்டர்கள், கம்பங்கள் ஓரிடத்திலும் பாதை வேறிடத்திலும் இருப்பதைப் பார்த்தார்கள். அவர்களில் மூத்தவரான கிளிஃப் ராம்ஸ்டன், முன்னாள் பஸ் டிரைவர், தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "பாதைய இழுத்துட்டு வர முடியாது. கம்பத்தப் புடுங்குங்க," என்றார். எனிட் வழிதவறியபோதெல்லாம் பாதை நகர்ந்தது; இரண்டு ஆண்டுகளில் பதினேழு முறை பிடுங்கி நட்டார்கள். வரைபடம் தப்பு என்று அங்கே நடக்க வந்தவர்களிடமிருந்து கடிதங்கள் வந்தன. கிளிஃப் ஒவ்வொன்றுக்கும் வருத்தம் தெரிவித்து எழுதினார்.

மூன்றாம் குளிர்காலத்தில் பனி கனத்துப் பெய்ததால் பாதை அவளை அடைய அரை நாளானது. அவளைத் தன்னோடு கூட்டிப்போக மகள் ஹிலரி டவுனிலிருந்து வந்துவிட்டாள்.

"ஒரு பாதைய நம்பி எங்கம்மாவ விட முடியாது, கிளிஃப் அங்கிள்."

"என்னை நம்பியும் விட முடியாதும்மா. எனக்கும் முட்டி போயிடுச்சு."

ஒன்பது மைல் தள்ளியிருந்த டவுனில், மகள் வீட்டு ஜன்னலருகே எனிட் உட்கார்ந்திருந்தாள். சரியாகச் சாப்பிடவில்லை. யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, மகளைக்கூட.

பாதை கிளம்பியது. ஆட்டுப்பட்டிச் சுவர்களைத் தாண்டி, ரயில் பாலத்துக்கு அடியில் நுழைந்து, கறுப்புச் சேறும் ஹெதருமாக ஒரு கஜ அகலத்தில் டவுனுக்குள் வந்தது. ரவுண்டானாவை விதிப்படி இடப்பக்கமாகச் சுற்றியது. ஐந்தாம் வாரம் ஹிலரி வீட்டு வாசலில் நின்றது. கார்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு போயின.

தொண்டர்கள் பின்னாலேயே கம்பம் நட்டுக்கொண்டு வந்தார்கள். கடைசி அம்புக்குறியைக் கிளிஃப் வாசல் கேட்டில் அடித்தபோது, இரவு உடைமேல் கோட்டு மாட்டிக்கொண்டு எனிட் வெளியே வந்து பார்த்தாள்.

"கோணலா இருக்கு, கிளிஃப்."

அவர் சுத்தியலை இறக்கினார். "எங்க?"

"வலது பக்கம் தூக்கிட்டு நிக்குது. கண்ணாடி போடலையா நீ?"

அவர் ஆணியைப் பிடுங்கி மறுபடி அடித்தார். ஹிலரி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எல்லாரும் பூட்ஸ வெளியவே கழட்டிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போனாள்.

அடுத்து அச்சான வரைபடத்தில் ஹேரக் மேட்டுப் பாதை அந்த வாசலில்தான் முடிகிறது.