ராமேஸ்வரத்தில் வேகாத பருப்பு

ஒரே மூட்டைத் துவரம்பருப்பு, ஒரே கிணற்றுத் தண்ணீர். வீட்டடுப்பில் பூமிநாதனின் மனைவி வீரலட்சுமி போட்டால் மசிந்து வேகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் சாப்பாட்டுக் கடையடுப்பில் போட்டால் அப்படியே முழித்துக்கொண்டு கிடக்கிறது. பூமிநாதன் எத்தனை விதமாக யோசித்தும் காரணம் பிடிபடவில்லை.

அண்டாவின் மேல் சந்தேகப்பட்டு வேறு அண்டா மாற்றினான். விறகு ஈரமோ என்று நன்றாகக் காய்ந்த கருவேலங்கட்டையாகப் பார்த்து வாங்கினான். ஆப்பசோடா போட்டுப் பார்த்த அன்று பருப்பு என்னவோ கரைந்தது. ஆனால் சாம்பார் பழுத்த நிறமாகி ஒரு சவுக்கார வாடை அடித்தது. சாப்பிட உட்கார்ந்த மதராஸ்காரர் ஒருவர் இலையை மூடிவிட்டு எழுந்து போனார்.

எல்லா நாளும் இப்படி நடந்தால்கூடப் பரவாயில்லை. கூட்டம் குறைந்த நாளில் கடைப் பருப்பும் ஒழுங்காக வெந்துவிடும். அமாவாசை மாதிரிக் கூட்டம் அலைமோதும் நாளாகப் பார்த்துத்தான் வேகாது. அன்றைக்கே சாம்பாரில் உப்பும் கூடிவிடும்.

உப்பு கூடினால் யாரைச் சொல்வார்கள்? சமையற்காரரைத்தான் சொல்வார்கள். ராமசுப்பிரமணியன் இருபது வயதிலிருந்து அடுப்படியில் நிற்பவர். கடையில் எல்லாரும் அவரைச் சாமி என்றே கூப்பிடுவார்கள். சமைத்ததைத் தெய்வத்துக்குப் படைக்கும் முன் நாக்கில் வைப்பது அவர் வழக்கத்தில் இல்லை. உப்புக்கு உள்ளங்கைதான் அளவு, வெந்ததா என்று பார்க்க மூக்குதான் சாட்சி. அந்த உள்ளங்கை ராமநாதபுரத்தில் ஒரு நாளும் தப்பியதில்லை.

ராமநாதபுரத்தில்தான் தாய்க் கடை இருந்தது. அதை நடத்துபவன் வீரலட்சுமியின் அண்ணன் பொன்னுச்சாமி. மச்சானும் மாப்பிள்ளையும் கூட்டுச் சேர்ந்து, ஐம்பத்தேழாம் வருசம் ராமேஸ்வரத்தில் கோவிலுக்கும் ரயிலடிக்கும் நடுவே கிளைக் கடை போட்டார்கள். தாய்க் கடையின் கைராசி போகட்டும் என்று சாமியையும் அனுப்பிவைத்தான் பொன்னுச்சாமி.

இரண்டு ஊருக்கும் நடுவே பாம்பன் பாலம் ஒன்றுதான் என்றாலும், ஓட்டல் நடத்துவதில் இரண்டும் வேறு வேறு உலகம். ராமநாதபுரத்துக் கடைக்கு ஆட்கள் சொட்டுச் சொட்டாக வருவார்கள். கோர்ட்டுக்கு வழக்காட வந்த கட்சிக்காரன், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, முதுகுளத்தூரிலிருந்து மிளகாய் மூட்டை கொண்டுவந்தவன் என்று காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை வந்துகொண்டே இருப்பார்கள். ஒரு காப்பியை வாங்கி வைத்துக்கொண்டு பேப்பரை முதல் வரியிலிருந்து படிப்பார்கள். சாம்பார் ஒரு நாள் தண்ணியாக இருந்தால் மறுநாளும் வந்து சொல்லிக் காட்டுவார்கள்.

ராமேஸ்வரத்தில் ரயில் வந்தால்தான் கடை. தீர்த்தமாடிவிட்டு, ஈரத்துணி உடம்பில் ஒட்டிக் கிடக்க, பசியோடு மொத்தமாக வந்து விழுவார்கள். வங்காளத்துக்காரர் சோற்றைப் பிசைவதற்குள் மார்வாடி வெங்காயம் இல்லாத கறி கேட்பார். அடுத்த பந்தி இலைக்குப் பின்னாலேயே நிற்கும். அலை வடிந்ததும் ஈ ஓட்ட வேண்டியதுதான். "ராமேஸ்வரத்துக்காரனுக்கு என்ன, இன்னிக்குத் தின்னவன் நாளைக்கு வரவா போறான்" என்று ராமநாதபுரத்தில் சொல்வார்கள். "உங்க ஊர்ல ஒரு காப்பிக்குப் பெஞ்சையே எழுதி வாங்கிருவானே" என்று ராமேஸ்வரத்தில் திருப்பிக் கொடுப்பார்கள்.

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் காலை ரயிலில் பொன்னுச்சாமியே வந்து இறங்கினான். கூட்டம் இரண்டு நாளாகவே வரத் தொடங்கியிருந்தது. அடுப்படிக்குள் நுழைந்தவன் அண்டாவிலிருந்து ஒரு பருப்பை எடுத்து நசுக்கிப் பார்த்தான். நசுங்கவில்லை.

"நம்ம கடைக்கு வாரவன் பூரா இதையேதான் கேக்குறான், மாப்ளே. உங்க பருப்பு தீவுல வேகலையாமேங்கிறான். எனக்கு மூஞ்சிய எங்கன வைக்கிறதுன்னு தெரியல."

"நானும் எல்லாம் செஞ்சு பாத்துட்டேன், மச்சான்."

"ஆள மாத்திப் பாத்தியா?" பொன்னுச்சாமி குரலைத் தாழ்த்தவில்லை. "வயசாயிருச்சு. கை தடுமாறுது. நாளைக் கூட்டம் முடியட்டும், சாமியை ஊருக்கு அனுப்பிரு. திருப்புல்லாணியில ஒரு ஆளு சொல்லி வச்சிருக்கேன்."

சாமி அடுப்பைப் பார்த்தபடியே நின்றார். உப்புத் தப்பிய சமையற்காரன் என்று ஒரு ஊரில் பேர் விழுந்தால் எந்த ஊரிலும் அடுப்பு கிடைக்காது. அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

"ரெண்டு நாளா சாம்பார்ல உப்பே போடலை, முதலாளி" என்றார், பூமிநாதனிடம். "இன்னிக்கும் போடலை. அதுலயும் கரிக்கறதுன்னு சொல்றா. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை."

கொல்லையிலிருந்து வீரலட்சுமி எட்டிப் பார்த்தாள். "அண்ணே, கைதான் காரணம்னா கூட்டமில்லாத அன்னைக்கு மட்டும் அதே கை எப்படி நல்லாருக்கும்? என் கூட வந்து என் பருப்பைப் பாருங்க. வெண்ணெயாட்டம் கெடக்கு."

"நீ உழக்குப் பருப்பு வேகவைக்கிறவ. இது அண்டா. நீ சும்மா இரு, தாயி."

"சும்மா இருக்கேன். சாப்பாடு மட்டும் என் வீட்டுல சாப்பிடாதீங்க, கடையிலயே சாப்பிடுங்க."

தங்கை வாய்க்குப் பயந்தோ என்னவோ, பொன்னுச்சாமி கடையிலேயே இலை போட்டு உட்கார்ந்தான். பந்தி நிறைந்திருந்தது. ரசத்துக்கு வந்தபோது பூமிநாதனே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"மாப்ளே, மண்டியைக் கலக்கிராத. மேலாக்க மொண்டு தெளிவா ஊத்து."

பூமிநாதன் கரண்டியை மேலாக வைத்துச் சாய்த்தான். தெளிவு தானாக வழிந்து கரண்டிக்குள் வந்தது. அதற்குள் எதிர் வரிசையிலிருந்து நாலு பேர் கையை நீட்டினார்கள். அவசரத்தில் கரண்டியை உள்ளே விட்டு விட்டு மொண்டான். அடியில் கிடந்த மண்டி புகை மாதிரி எழும்பி, ரசம் முழுக்கக் கலங்கிப்போனது.

வாளியைப் பார்த்தபடி அங்கேயே நின்றுவிட்டான்.

"என்ன மாப்ளே, ரசத்துல எலி விழுந்துருச்சா?"

"மச்சான், நம்ம ராமநாதபுரத்துக் கிணத்துல தண்ணி எப்படி எடுக்குறீங்க?"

"எப்படி எடுப்பாக. வாரவனுக்குத் தக்கன ஒரு வாளி, ரெண்டு வாளி. அதுக்கென்ன இப்ப?"

பூமிநாதன் வாளியை வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனான்.

விடியலில் வீரலட்சுமி தன் வீட்டுப் பானையை நிரப்பிக்கொள்வாள். குடிக்கவும் காப்பிக்கும் வேண்டிய தண்ணீரும் அப்போதே எடுத்தாகிவிடும். அதன் பிறகுதான் கடைக்காக இரண்டு ஆட்கள் கயிற்றைப் பிடிப்பார்கள். இட்லிப் பானை, பாத்திரம் கழுவுவது, அரிசி களைவது என்று மூச்சுவிடாமல் இறைப்பு நடக்கும். இறைத்து ஓய்ந்த பிறகு வரும் தண்ணீரில்தான் பருப்பு அடுப்பேறும். அந்த நேரத்துத் தண்ணீரை யாரும் வாயில் வைத்ததில்லை. சாமிக்கோ ருசி பார்க்கும் பழக்கமே இல்லை.

அவன் ஒரு பாட்டிலை எடுத்தான். பாட்டிலின் அடியில் கல்லைக் கட்டினான். தக்கையை லேசாகச் செருகி, தக்கைக்கு ஒரு நூலும் பாட்டிலுக்கு ஒரு கயிறும் கட்டி, கிணற்றின் அடி வரைக்கும் இறக்கினான். அடியில் போய்த் தட்டியதும் நூலை மட்டும் சுண்டினான். தக்கை கழன்றது, குமிழி எழும்பி வந்தது. மேலே தூக்கி ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினான்.

பின்னாலேயே வந்த பொன்னுச்சாமியும் வாங்கிக் குடித்துவிட்டுத் துப்பினான். "இதென்ன, கடலு."

"கடலுதான் மச்சான். இந்தத் தீவு பூரா மணல். பெய்யிற மழையெல்லாம் மணலுக்குள்ள எறங்கி நிக்கிது. அடியில கடல் தண்ணி ஊறி வந்து நிக்கிது. நல்ல தண்ணி எடை கம்மி, அதான் உப்புத் தண்ணிக்கு மேல மிதக்குது. ரசத்துல தெளிவு நிக்கிறாப்புல. மெல்ல மொண்டா பக்கத்து மணல்லருந்து நல்ல தண்ணி ஊறி வந்து எடத்த நெரப்பிக்கிரும். ஒரேயடியா இறைச்சா அது ஊறி வாரதுக்குள்ள அடியில இருக்கிறது மேல ஏறி வந்துரும். கடல் தண்ணி கலந்தா பருப்பு இறுகிக்கிரும். எவ்வளவு எரிச்சாலும் இளகாது."

"பக்கத்துக் கடைக்காரனுக்கும் இதே கூட்டந்தானே. அவனுக்கு மட்டும் எப்படி வேகுது?"

பூமிநாதன் வேலிக்கு அப்பால் பார்த்தான். பக்கத்துக் கடையில் இரண்டு கிணறு உண்டு. இரண்டும் ஆழமே இல்லை, குனிந்து மொண்டுவிடலாம். வந்த புதிதில் அதைப் பார்த்து இது கிணறா தொட்டியா என்று அவனே சிரித்திருக்கிறான்.

"நான்தான் மச்சான் கெடுத்துட்டேன். கடையை வாங்கும்போது இதுவும் அப்படித்தான் கெடந்துச்சு. நம்ம முதுகுளத்தூர்ப் பக்கம் தண்ணி பத்தலைன்னா என்ன செய்வோம், இன்னும் தோண்டுவோம். அதே நெனைப்புல ஆள் விட்டு ஆழமாக்கினேன். தோண்டத் தோண்ட உப்புக்குப் பக்கத்துல போயிருக்கேன்."

பொன்னுச்சாமி கிணற்றையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான். "தோண்டி முடிச்சதுக்குப் பொங்கல் வச்சு ஊருக்கே குடுத்தவன்ல நீ. தூர்க்கிறதுக்கும் பொங்கல் வைப்பியா?"

"வைப்பேன். சாமி கையால."

பொன்னுச்சாமி பிறகு அடுப்படிப் பக்கம் போனான். மூலையில் சாமியின் தகரப் பெட்டி கட்டித் தயாராக இருந்தது.

"சாமி, கையில கோளாறு இல்ல. கெணத்துலதான் கோளாறு. நான் பேசினதை மனசுல வைக்காதீங்க. பெட்டியை அவுத்துப் போடுங்க. திருப்புல்லாணி ஆளை வேணாம்னுர்றேன்."

சாமி தன் வலது உள்ளங்கையை ஒரு தரம் விரித்துப் பார்த்து, மேல்துண்டில் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு எத்தனை பந்தி வரும்னு சொல்லுங்கோ. அதுக்குத் தகுந்தாப்பல பருப்பை அளந்து வைக்கறேன்" என்றார்.

அன்று சாயங்காலமே மறுநாளுக்கான வேலை தொடங்கியது. அமாவாசையை ஒப்பேற்ற, பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டு அவர் கிணற்றிலிருந்து பருப்புக்கு மட்டும் தண்ணீர் எடுத்துக்கொண்டார்கள். கொடுத்தவர் சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார். மறுநாள் பருப்பு வெந்தது. உப்பு சாமியின் உள்ளங்கை அளவில் நின்றது.

கூட்டம் வடிந்த பிறகு பூமிநாதன் செய்தது இதுதான். தோண்டிய ஆழத்துக்குக் கடற்கரை மணலைக் கொட்டி, கிணற்றைப் பழைய மட்டத்துக்கே கொண்டுவந்தான். கொல்லையின் மறுகோடியில் அதே மாதிரி ஆழமில்லாத கிணறு இன்னும் இரண்டு எடுத்தான். இரண்டு ஆள் இழுக்கும் கயிற்றை எடுத்துவிட்டு ஒற்றை வாளி போட்டான். ரயில் வந்த பிறகு இறைப்பதை நிறுத்தி, முந்தின நாள் மத்தியானம் கடை ஓய்ந்த நேரத்தில் மூன்று கிணற்றிலும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு, சிமெண்டுத் தொட்டியில் நிரப்பி வைத்தான். காலையில் எத்தனை பந்தி வந்தாலும் தொட்டித் தண்ணீர்தான். தண்ணீரை ராமநாதபுரத்து நிதானத்தில் எடுத்து, ராமேஸ்வரத்து வேகத்தில் செலவு செய்ய வேண்டும்; அப்படிச் செய்தால் பருப்பு வேகும்.