வீட்டுக்கு ஒரே பிள்ளை

'வீட்டுக்கு ஒரே பிள்ளையான அந்தச் சிறுவன்' என்று தட்டிய பிறகு எனக்குக் கை ஓடவில்லை. என் தம்பி எழுதிய முதல் நாவலுக்குப் பின்னட்டைக் குறிப்பு எழுத உட்கார்ந்திருந்தேன். நாவல் நாங்கள் வளர்ந்த வீட்டைப் பற்றியது. அந்த வீட்டுக்குப் பிள்ளைகள் இரண்டு பேர், மூத்தவள் நான்.

பதிப்பகத்தில் என் பிழைப்பே இதுதான். கடையில் புத்தகத்தைத் திருப்பிப் பார்க்கிறவரை நாலு வரியில் பிடித்து நிறுத்த வேண்டும். கதை யாருடையது, அவருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். 'நெஞ்சை உலுக்கும்' என்று எழுதுவதை எப்போதோ விட்டுவிட்டேன். உலுக்கி உலுக்கி வாசகர்களின் நெஞ்சு மரத்துப்போயிருக்கும். தம்பிக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. கூட்டமில்லாத மதியங்களில் அங்கேயே உட்கார்ந்து வருஷக்கணக்காக எழுதியிருக்கிறான், என்னிடம்கூட மூச்சு விடவில்லை. முதலாளிக்கு நாவல் பிடித்துவிட்டது. அட்டை அச்சுக்குப் போகிற நேரத்தில் குறிப்பை என் தலையில் கட்டிவிட்டார். சொந்த அக்கா எழுதினால் உயிரோட்டமாக இருக்குமாம்.

வீட்டை அப்படியே எழுதியிருந்தான். அப்பா சாவியை ஆணியில் மாட்டும் சத்தத்திலேயே அவர் எந்த மனநிலையில் வந்திருக்கிறார் என்பது தெரிந்துவிடும். அம்மா கோபம் வந்தால் ஒரு வார்த்தை பேசாமல், கழுவி அடுக்கிய பாத்திரங்களை எடுத்து மறுபடியும் கழுவுவாள். எதையும் அவன் விட்டுவைக்கவில்லை. அந்த வீட்டை இடித்துவிட்டு இப்போது அங்கே வண்டிகளை நிறுத்துகிறார்கள். படிக்கப் படிக்க, பின்னறைச் சுவரின் ஈர வாசனை எத்தனையோ வருஷம் கழித்து மூக்கில் ஏறியது. அழுகை வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. நான் எப்போது வருவேன் என்று பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனேன்.

நான் வரவே இல்லை. பெரியவர்கள் சண்டை போடும்போது நாங்கள் இருவரும் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வோம். நான் அவன் காதுகள் இரண்டையும் பொத்திக்கொண்டு கதை சொல்வேன். அவனுக்கு என் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். கேட்காத கதைக்கு விழுந்து விழுந்து சிரிப்பான், கழுதை. நாவலில் அந்தக் கட்டில் இருக்கிறது, சண்டை இருக்கிறது. பையன் தன் காதைத் தானே பொத்திக்கொள்கிறான். என் கையை எடுத்துவிட்டு அவன் கையை வைத்திருக்கிறான். அவன் அழித்தது போதாதென்று, ஒரே பிள்ளை என்று ஊருக்குச் சொல்லும் வேலையும் எனக்குத்தான் வந்திருக்கிறது.

மத்தியானம் அட்டைப்படத்தைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். கடையைச் சாத்திவிட்டு வந்தானாம். குறிப்பு முடிந்ததா என்று கேட்டான். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று காலையிலிருந்து தயார் செய்து வைத்திருந்தேன். வாயில் வந்தது ஒன்றுதான்.

"நான் எங்கடா?"

அசடு வழிந்தான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். வாடிக்கையாளர்கள் அப்படித் துடைத்தால் திட்டுகிறவன்.

"முதல்ல எழுதினதுல பக்கத்துக்குப் பக்கம் நீதாங்க்கா. படிச்சுப் பாத்தா அந்தப் பையனுக்கு ஒரு கஷ்டமுமே இல்ல. என்ன நடந்தாலும் நீ வந்துடற. கதை நகரவே மாட்டேங்குது." கண்ணாடியை மாட்டிக்கொண்டான். "நீ இல்லாமப் போயிருந்தா நான் என்ன ஆகியிருப்பேன்னு யோசிச்சேன். அதைத்தான் எழுதினேன்."

இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று அவன் மேல் கோபம் வந்தது. கோபம் அதிக நேரம் நிற்கவில்லை. ஆனால் வயிற்றெரிச்சல் முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். படிக்கிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? அவர்களுக்கு அந்த வீட்டில் ஒரு பையன், அவ்வளவுதான்.

கணினிப் பக்கம் திரும்பினேன். பாதியில் நின்ற வாக்கியத்தை முடித்தேன், மற்ற வரிகள் தாமாக வந்தன. 'தனியாக' என்ற சொல்லை ஓரிடத்தில் போட்டேன். எடுத்தேன். மறுபடியும் போட்டேன். அவன் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று படித்தான். நல்லா இருக்குக்கா என்றான்.

பிறகு அட்டைப்படத்தை மேஜையில் விரித்தான். முன்னட்டையில் ஒரு வாசல்படி, அதன் ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு பையன். படி அவனோடு நிற்கவில்லை. புத்தகத்தின் முதுகைத் தாண்டிப் பின்னட்டை வரைக்கும் நீண்டிருந்தது. இவ்வளவு இடத்தை விட்டுவிட்டு ஏன் ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருக்கிறான் என்று கேட்டேன்.

"நடுவுல உக்கார வைக்கலாம்னுதான் ஓவியரும் சொன்னாரு. அவனுக்கு அப்படி உக்காந்து பழக்கமில்லன்னு சொல்லிட்டேன்."

கணினியில் அதே படத்தைத் திறந்து பின்னட்டையில் என் வரிகளைப் பொருத்தினேன். படியின் மேலேயே வந்து விழுந்தன. எழுத்தைச் சற்றுச் சிறிதாக்கி மேலே வானத்துக்கு ஏற்றினேன். விலையும் பார்கோடும் இன்னும் படியில்தான் கிடந்தன. அவற்றையும் மூலைக்குத் தள்ளினேன். பையனுக்குப் பக்கத்தில், இன்னொருவர் உட்காரும் அளவுக்குப் படி வெறுமையாக இருந்தது. சாயங்கால வெயில் அதன் மேல் விழுகிற மாதிரி வரைந்திருந்தார் ஓவியர்.