இடது பக்கப் பின்சீட்டு

விற்கப்போகிற காரை இத்தனை கழுவ வேண்டுமா என்று சுந்தர்ராஜ் மாஸ்டர் கேட்கவில்லை. கேட்டால் இஸ்ரேல் பதில் சொல்வான். அவன் பதில் சொல்ல ஆரம்பித்தால் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் தோற்றுப்போகும். மாஸ்டரின் மனைவி ஜெமிமாவுக்கு அண்ணன் மகன் அவன். திருப்பதியில் பழைய கார்களை வாங்கி விற்கிற தொழில். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்குச் சித்தூர் ஜில்லாவில் யாரையாவது காட்டவேண்டுமென்றால் இவனைத்தான் காட்டவேண்டும்.

"பொண்ணு பாக்க வர்ற மாதிரிதான் மாமா. மொதல்ல மூஞ்சி, அப்பறம் வாசனை, கடைசிலதான் குணம். இஞ்சின் தங்கமா இருந்து இன்னா பிரயோஜனம்? கதவத் தொறந்ததும் பழைய வாடை அடிச்சா ஒருத்தனும் உள்ள ஒக்கார மாட்டான்."

கார் எட்டு மாதமாக வீட்டுப் பக்கத்துச் சந்தில் நின்றது. வெள்ளை வேகன் ஆர், இன்னும் பழைய ஏபி 03 நம்பர். மேலெல்லாம் வேப்பம்பூவும் காக்கை எச்சமும் காய்ந்து கிடந்தன. இடது பக்கப் பின்ஜன்னல் நாலு விரல் அளவுக்குத் திறந்தே இருந்தது. அதன் வழியாகத் தூசி போய், எலியும் போயிருந்தது.

"இத ஏத்தக்கூட முடியலயா மாமா உங்களால?" என்றான் இஸ்ரேல்.

முடியவில்லைதான். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் ஜெமிமாவுக்கு நெஞ்சு வலி வந்தது. சித்தூர் டாக்டர் உடனே திருப்பதிக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றதும் மாஸ்டர் தானே காரை எடுத்தார். ஹைவேயில் லாரி கவிழ்ந்து வண்டிகள் வரிசையாக நின்றன. பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துப் பாகாலா பக்கம் வண்டியைத் திருப்பினார். அங்கே ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். கூட்ஸ் வண்டி வந்தது. பின்சீட்டில் இடது பக்கமாகச் சாய்ந்திருந்த ஜெமிமா, "கொஞ்சம் காத்து வரட்டுமே" என்றாள். ஜன்னலை நாலு விரல் இறக்கினார். முப்பது வருஷம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எண்ணிய பி.டி. மாஸ்டர் அவர், பழக்க தோஷம், பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு. கேட் திறந்ததும் திரும்பிப் பார்த்தார். அவளுக்கு உயிர் இல்லை.

ஐம்பத்தெட்டுப் பெட்டியை எண்ணிய நேரத்தில் அவளை ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அன்றைக்கு இன்னொன்றும் தொலைந்தது. ஜெமிமாவின் மூக்குக் கண்ணாடி. ஒன்பது வயதிலிருந்து கண்ணாடி போட்டவள் அவள். அது இல்லாத முகத்தைக் கட்டின புருஷனே அதிகம் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் தூக்கி வைத்தபோது அது இருந்ததா இல்லையா என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை. அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த பெண்ணைப் பிடித்துக்கொண்டு, நீதான் எடுத்தாய் என்று கத்தினார். அந்தப் பெண் தன் பையைத் தலைகீழாகக் கொட்டிக் காட்டியும் அவர் நம்பவில்லை. சவப்பெட்டியில் வைத்தபோது ஜெமிமா வேறு யாரோ மாதிரி இருந்தாள். பெங்களூரிலிருந்து வந்து இறங்கிய மகள் கேசியா, "அம்மா மாதிரியே இல்ல நைனா" என்றாள். அப்படியே புதைத்தார்கள்.

இப்போது கேசியா அவரைப் பெங்களூருக்கே வந்துவிடச் சொல்லிவிட்டாள். அவளுடைய ஃப்ளாட்டில் இன்னொரு கார் நிறுத்த இடமில்லை. இடம் இருந்தாலும் மாஸ்டர் அந்த ஸ்டியரிங்கைத் தொடப்போவதில்லை. தினமும் காலையில் கதவைத் திறந்தால் அது எதிரே நிற்கிறது. அது தொலைந்தால் போதும் என்று இருந்தது அவருக்கு.

ஆனால் தொலைவதாக இல்லை. முதலில் கேட்டு வந்தவரிடம் மாஸ்டர் உள்ளதைச் சொன்னார். அவர் கார் சாவியைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். இரண்டாவது வந்தவர் சபைக்காரர்தான், கூடச் சேர்ந்து ஞானப்பாட்டு பாடுகிறவர். "நமக்கு அதெல்லாம் கெடையாது பிரதர், வீட்ல பொம்பளைங்கதான் பயப்படறாங்க" என்று சொல்லி நழுவினார்.

அதனால்தான் இஸ்ரேல் வந்தான். சித்தூர் வாட்டர் சர்வீஸில் கொண்டுபோய் நிறுத்தி, நுரை அடித்து, அடியில் ஒட்டின மண்ணைப் பீய்ச்சி, உள்ளே வேக்கம் போட்டு, டயருக்குக் கறுப்பு பாலீஷ் தடவி, அரை நாள் வேலை வாங்கினான். மாஸ்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வேக்கம் பிடித்தவன் சீட்டு இடுக்கில் கையை விடும்போதெல்லாம் எழுந்து எழுந்து பார்த்தார். ஒரு கொண்டை ஊசி வந்தது. இருமல் மிட்டாய்க் காகிதம் வந்தது. ஒரு காணிக்கைக் கவர் வந்தது. அவர் எதிர்பார்த்தது வரவில்லை. எதை எதிர்பார்க்கிறார் என்று இஸ்ரேலிடம் சொல்லவும் இல்லை.

டேஷ்போர்டில் ஒரு சிறிய சிலுவை ஒட்டியிருந்தது. கார் வாங்கின அன்று சபை ஐயர் வந்து ஜெபம்பண்ணி முடித்ததும் ஜெமிமா தன் கையால் ஒட்டியது. இஸ்ரேல் அதைக் கத்தியால் நெம்பி எடுத்து மாஸ்டர் கையில் கொடுத்தான்.

"வாங்க வர்றது யாருன்னு தெரியாது மாமா. எந்தச் சாமியும் இல்லாம இருந்தா எல்லாச் சாமிக்கும் பொது."

அதோடு விடவில்லை. முன் பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டான். சபையில் மூப்பராக இருக்கிற மாஸ்டரின் காரில் எலுமிச்சம்பழம். ஜெமிமா இருந்திருந்தால் அதைப் பிய்த்து ரசம் வைத்திருப்பாள். அதை நினைத்து மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே வேறு மாதிரி ஆகிவிட்டதால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திருப்பதிக்குப் போகிற வழியில் இஸ்ரேல் பாடம் நடத்தினான். "யாராவது தவறினாங்களான்னு கேட்டா இல்லன்னு சொல்லணும். அத்தைய பத்திக் கேட்டா, அவங்க கார்லயே ஏற மாட்டாங்க, வாந்தி வரும்னு சொல்லிடுங்க. பாதிப் பொய் சொன்னா மாட்டிக்குவோம் மாமா. சொன்னா முழுசா சொல்லணும்."

பொய் சொன்ன பையன்களைப் பத்துச் சுற்று ஓடவிட்ட மாஸ்டர், "சரி" என்றார். ஹைவே இன்றைக்குக் காலியாக இருந்தது. பாகாலா திரும்புகிற இடத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ரேணிகுண்டா ரோட்டில் இஸ்ரேல் கார்களை நிறுத்தியிருக்கும் காலி மனையில், பலமனேர்க்காரர் ஒருவர் தாயாரோடு காத்திருந்தார். பெயர் முனிரத்தினம், பால் வியாபாரம். தாயார் செல்லியம்மாவுக்கு இதயத்தில் ஏதோ கோளாறு. மாதாமாதம் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவர வேண்டும். பஸ்ஸில் அவளால் முடியவில்லை. கார் அதற்குத்தான்.

முனிரத்தினம் அவசரப்படாத மனிதர். பானட்டைத் திறந்து பார்த்தார், டயரை உதைத்துப் பார்த்தார், உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்தார். பிறகு டேஷ்போர்டை விரலால் தடவினார். வெயிலில் வெளுத்த பிளாஸ்டிக்கில் ஓர் இடம் மட்டும் வெளுக்காமல் கறுப்பாக இருந்தது. சிலுவை வடிவம்.

"இங்க சிலுவை இருந்துச்சா சார்?"

"ஆமா."

"எதுக்கு எடுத்தீங்க? எந்தச் சாமியா இருந்தா இன்னா. எங்க தெருவுலயும் சர்ச் கீது." அவர் கோபமாகச் சொல்லவில்லை. "அதையே எடுத்தவங்க, இன்னும் எதை எதை எடுத்திருப்பீங்களோன்னுதான் எனக்கு யோசனை. நிஜம் செப்பண்டி சார். இந்த வண்டில யாருக்கானா உசுரு கிசுரு போச்சா? அம்மாவ ஒக்கார வெக்கப்போறேன், அதான் கேக்கறேன்."

இஸ்ரேல் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்பிடியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றார் மாஸ்டர்.

"வீட்டம்மா?"

"தவறிட்டா. ஆஸ்பத்திரில. அவ இந்தக் கார்ல ஏறினதே கெடையாது. ஏறினா வாந்தி வரும்."

ஒன்பது வருஷம் ஒரு ஞாயிறு தவறாமல் இந்தக் காரில் கோயிலுக்கு வந்தவள். கேட்டவர் யாரோ, அதற்கு முன்னால் பார்த்ததுகூட இல்லை. அவரிடம் போய் அவளை மறுதலித்தாகிவிட்டது. மாஸ்டருக்குத் தன் மேல் அருவருப்பாக இருந்தது.

அதற்குள் செல்லியம்மா தானே கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டாள். பின்சீட்டு, இடது பக்கம். சீட்டைக் கையால் தட்டிப் பார்த்தாள்.

"சொகுசா கீது. எவ்ளோ சுத்தமா வெச்சிகினு கீறாங்க பாரு. பொம்பள கைபட்ட வண்டி மாதிரி கீதே" என்றாள் மகனிடம்.

மாஸ்டர் ரோட்டைப் பார்த்தார். விலை படிந்தது. காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். கார் போகும்போது முன்னால் எலுமிச்சம்பழம் ஆடிக்கொண்டே போனது. அவர் பஸ் ஏறிச் சித்தூர் வந்து சேர்ந்தார். நிம்மதி வரும் என்று நினைத்திருந்தார். சந்து காலியாக இருந்ததே தவிர நிம்மதி ஒன்றும் வரவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து, காலை பத்து மணிக்கு, பெங்களூருக்கு அனுப்ப வேண்டிய பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது முனிரத்தினம் போன் செய்தார்.

"சார், நல்லா கீறீங்களா? வண்டி சூப்பரா ஓடுது. சீட் கவர் மாத்தலாம்னு கடைல விட்டேன். பின்சீட்ட மொத்தமா கழட்டினாங்க. அடியில ஒரு மூக்குக் கண்ணாடி கெடந்துச்சி சார். ரெண்டு சீட்டுக்கும் நடுவுல வழுக்கி உள்ள போயிருக்கும் போல. உங்க வீட்டுதா?"

மாஸ்டர் கையிலிருந்த தட்டைப் பெட்டிக்குள் வைத்தார். ஒரு தரம் சரியாக வைக்காமல் மறுபடி எடுத்து வைத்தார்.

"எப்பிடி இருக்குது?" என்றார்.

"கறுப்பு ஃப்ரேம் சார். பொம்பளைங்க போடறது. ஒரு பக்கத்துல, காதுல மாட்ற காம்புல வெள்ள நூல் சுத்தி கீது."

அவ்வளவு நாளும் அது அங்கேயே இருந்திருக்கிறது. வேக்கம் போட்டவன் கை விட்ட இடத்துக்கு ஒரு சாண் கீழே. ரயில்வே கேட்டில் அவள் தலை சாய்ந்தபோது நழுவியிருக்கும். அவர் அப்போது பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் பையைக் கொட்டிக் காட்டிய அந்தப் பெண்ணின் முகமும் ஞாபகம் வந்தது. அவள் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

என்னுடையதுதான், என் மனைவியுடையதுதான், இப்போதே பஸ் ஏறி வருகிறேன் என்று சொல்ல வாய் திறந்தது. அப்போது போனில் செல்லியம்மா இருமுவது கேட்டது.

"அம்மா பக்கத்துலதான் கீறாங்க சார். ஸ்பீக்கர்ல போட்டுகினுதான் பேசறேன்" என்றார் முனிரத்தினம். "உங்க வீட்டுதுன்னா சொல்லுங்க. நாளைக்கு அந்தப் பக்கமா பால் வண்டி வருது, குடுத்தனுப்பறேன்."

இந்தக் காரில் ஏறவே ஏறாதவளுடைய கண்ணாடி இந்தக் காருக்குள் எப்படி வந்தது என்று அடுத்து கேட்பார். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் இதயக் கோளாறுள்ள அந்தக் கிழவி, மாதாமாதம் எந்த இடத்தில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று தெரிந்துகொள்வாள். பயத்திலேயே அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால்?

"எங்களுது இல்லப்பா" என்றார் மாஸ்டர். "எங்க வீட்ல கண்ணாடி போடறவங்க யாரும் இல்ல."

"இல்லயா. எனுக்கு முன்ன பாக்க வந்தவங்க யாரானா விட்டிருப்பாங்க போல." முனிரத்தினம் சிரித்தார். "ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சிக்காதீங்க சார். அம்மா சும்மா போட்டுப் பாத்தாங்க. பவரு அவங்களுக்கு அப்பிடியே சரியா கீதாம். மாத்திரை அட்டைல எழுத்தெல்லாம் தெரியுதுன்னு படிச்சிக் காட்டறாங்க. யாருதும் இல்லன்னா அவங்களே வெச்சிக்கட்டுங்களா?"

மாஸ்டர் அட்டைப்பெட்டியின் மூடியை மடித்து மூடினார்.

"வெச்சிக்கட்டும்" என்றார்.

"சரிங்க சார். நூலுதான் அழுக்கா கீது. அத அறுத்துப் போட்டுட்டு, சோப்புல நல்லா கழுவி, சுத்தமா..."

"நூல அறுக்க வேணாம்" என்றார் மாஸ்டர். குரல் மைதானத்தில் கத்துவதுபோல் வந்தது. பிறகு தணிந்தது. "அறுக்க வேணாம்னு சொல்லுப்பா. நூல் இல்லன்னா அந்தப் பக்கத்துக் காது பின்னால கடிக்கும். புண்ணாயிடும். வாரத்துக்கு ஒருதரம் புது நூல் மாத்திச் சுத்தணும், அவ்ளோதான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. திரும்ப எடுக்க வழியில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். முனிரத்தினத்தின் பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. "இன்னாடா சொல்றாரு அவரு?" என்று செல்லியம்மா மகனைக் கேட்பது மட்டும் கேட்டது.